டிக்கெட் வாங்கிய டெய்லருக்கு ஒரு காரியம்

ஃபிஜியில் நான் இறங்கிய முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு சடங்கின் பெயர் காதில் விழுந்தது. விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்த கோயில் மேனேஜர் வேனை ஓட்டிக்கொண்டே, "இதோட நாந்தி முடிஞ்சுது மாராஜ். இனிமே நேரா லௌட்டோகாதான்" என்றார்.

நாந்தி என்றால் எங்கள் தொழிலில் கல்யாணத்துக்கு முன்னால் பித்ருக்களுக்குச் செய்கிற சடங்கு. யாருக்கோ கல்யாணம், நாந்தி முடிந்துவிட்டது, மாப்பிள்ளை ஊர் லௌட்டோகா என்று நினைத்துக்கொண்டேன். "யாரு செஞ்சு வச்சா?" என்று கேட்டேன். "எத?" என்றார் அவர். "நாந்தியை." அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். "நாந்தி ஊரையா? வெள்ளக்காரன்தான் மாராஜ். ஏர்போர்ட்டெல்லாம் அவன் கட்டினது."

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன சிவன் கோயிலில் மணியடித்துக்கொண்டிருந்த எனக்கு, லௌட்டோகா கோயிலில் மூன்று வருஷ ஒப்பந்தம். மேனேஜர் பகலில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார்; காலையிலும் சாயந்திரமும் கோயில். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பேரன். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஃபிஜி ஹிந்திதான் பேசினார்கள். தமிழ் பேசத் தெரிந்தவர்களில் என்னோடு சளைக்காமல் பேச வந்தவர் அவர் ஒருவர்தான். பூசாரியை அங்கே எல்லாரும் மாராஜ் என்பார்கள். எங்கள் ஊரில் மகராஜன் என்றால் கொடுக்கிறவன். நான் வாங்குகிறவன். பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அன்றைக்கு வேனிலேயே இன்னொன்றும் நடந்தது. மேனேஜர் தன் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "மொதல் கூ நடந்தப்போதான் எங்க அக்காவுக்குப் பையன் பொறந்தான். ரெண்டாவது கூவுக்கு மச்சான் கனடா போயிட்டாரு."

ழகரத்தை விழுங்கிவிட்டுப் பேசுகிறார் என்று முடிவு செய்தேன். கூழ். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது. கடல் கடந்து வந்தும் விடாமல் நடத்துகிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

"ஆடி மாசத்துலதானே?" என்றேன்.

"இல்ல மாராஜ். மொதல் கூ மே மாசம்."

"மே மாசத்துலயா? அம்மனுக்குத்தானே?"

"இல்ல. பார்லிமெண்ட்டுக்கு."

பிறகுதான் சொன்னார்: துப்பாக்கியோடு உள்ளே புகுந்து ஆட்சியைப் பிடிப்பதற்கு இங்கே கூ என்று பெயர். ஊரில் பாதிப் பேர் அதை வைத்துத்தான் காலத்தைச் சொல்லுவார்கள். கல்யாணம், பிறப்பு, வீடு கட்டியது எல்லாமே கூவுக்கு முந்தியா, பிந்தியா என்பதுதான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எந்தச் சொல்லையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது என்று உறுதி எடுத்தேன். அடுத்த மாதமே அது உடைந்தது. சவேனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மாராஜ், ஞாயித்துக்கெழம எங்க பாப்பாவுக்குத் திவஸ். நீங்கோ கண்டிப்பா வரணும்."

"பாப்பாவுக்கா?" என்றேன். "எத்தனாவது திவசம்மா?"

"இதான் மொதல். எல்லாருக்கும் சொல்லியாச்சு. கேக்குக்கு ஆர்டர் குடுத்தாச்சு."

பெற்ற தாய் இப்படிச் சொல்கிறாளே, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, மேனேஜரிடம் கூடச் சொல்லாமல் பஸ் பிடித்துப் போனேன். வாசலில் பலூன் கட்டியிருந்தது. ஒரு வயதுக் குழந்தை கிரீடம் வைத்துக்கொண்டு மடியில் உட்கார்ந்திருந்தது. ஹிந்தியில் ஜனம் திவஸ் என்றால் பிறந்தநாள். அந்தப் பெண் தமிழ் கலந்து பேச வேண்டும் என்று மரியாதைக்காக முதல் பாதியை விட்டுவிட்டிருக்கிறாள். நான் பையிலிருந்த எள்ளை வெளியில் எடுக்காமலேயே ஆயுஷ்ய மந்திரம் சொல்லி, கேக் சாப்பிட்டு வந்தேன்.

இதற்குப் பிறகு ஹிந்திச் சொல் என்று சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவேன். ஆனால் என்னைக் கவிழ்த்தது ஹிந்தி அல்ல. சுத்தமான தஞ்சாவூர்ப் பேச்சு.

நான் அங்கே போன வருஷமே மூன்றாவது கூ வந்தது; மண்ணின் பூர்வகுடிகளான ஃபிஜியர் சிலர், இந்திய வம்சத்துப் பிரதமரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தலைநகரில்தான் பெரிய கலவரம். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் சில கண்ணாடிகள் உடைந்தன. ஜனங்கள் சீக்கிரம் கதவைப் பூட்டினார்கள். அர்ச்சனைக்கு வருகிறவர்கள் நட்சத்திரம் சொன்ன கையோடு விசா கிடைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேனேஜர் கடையிலிருந்து போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"மாராஜ், நாளக்கி ட்ராசாவுல ஒரு காரியம். நீங்கோதான் வந்து செய்யணும்."

"யார் வீட்டுல?"

"டெய்லர் அண்ணன் வீட்டுல. நம்ப சாமிக்குத் திரை தச்சுக் குடுத்தாரே, அவரு. டிக்கெட் வாங்கிட்டாரு."

போன வாரம்தான் கர்ப்பக்கிரகத் திரையில் ஒரு வளையம் கழன்றுவிட்டது என்று வந்து தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"எப்ப?"

"நேத்து சாயந்தரம். கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல."

"நல்லாத்தானே இருந்தார்!"

"இன்னா பண்றது மாராஜ். கூ வந்ததுலேர்ந்து அவருக்குத் தூக்கமே இல்ல. மனசு ஒடஞ்சுட்டாரு."

"அந்தம்மா எப்படித் தாங்கறாங்க?"

"அக்காவா? அவுங்களும் வாங்கிட்டாங்க. ஒரே நாளு, ரெண்டு பேரும் ஒண்ணா. அவரு மட்டும் தனியா எப்படிப் போவாரு?"

ஒரே நாளில் புருஷனும் பெண்டாட்டியும்! எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சுமங்கலியாகப் போன புண்ணியவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் முறையில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ரெண்டு பேரையும் எடுத்தாச்சா?"

"ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சு மாராஜ்."

மேனேஜருக்கு வேற்றுமை உருபுகள் இடம் மாறுவது வழக்கம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பசங்க வந்துட்டாங்களா?"

"பசங்க எல்லாம் ப்ரிஸ்பேன்லதானே இருக்காங்க. அவுங்க எதுக்கு இங்க வரணும்?"

காலம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளே வராத வீட்டில் நாமாவது முறையாகச் செய்துவிட வேண்டும் என்று, அன்று சாயந்திரமே தர்ப்பை, எள், பச்சரிசி, வாழை இலை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். சாவிலும் பிரியாத தம்பதி என்று நாலு வார்த்தை பேசவும் மனதுக்குள் தயார் செய்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் வேனில் வந்தார். ரேடியோவில் துள்ளலான ஹிந்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி அணைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே விசிலடிக்கத் தொடங்கினார். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு விதமாகத் தாக்கும் என்று பொறுத்துக்கொண்டேன்.

ட்ராசாவில் கரும்பு வயலை ஒட்டி டெய்லரின் வீடு. தகரக் கூரை, வாசலில் செம்பருத்தி. பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, அழுகுரல் இல்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து, கண்ணைத் துடைத்தபடி கேட்டைத் திறந்தேன்.

"வாங்கோ மாராஜ்" என்று ஒரு குரல். நிமிர்ந்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் நின்றுகொண்டிருந்தார்.

என் கையிலிருந்த எள் பொட்டலம் கீழே விழுந்து உடைந்தது. எங்கிருந்தோ நாலைந்து கோழிகள் ஓடிவந்தன. அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்து, "மாராஜ் வந்துட்டாங்களா? டீ போடவா?" என்றார்.

"நீங்களுமா!" என்று கத்திவிட்டேன்.

அந்தம்மா பயந்துபோய்த் தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். டெய்லர் என்னை விட்டுவிட்டுக் கீழே கிடந்த எள்ளைப் பார்த்தார். அங்கே எந்தச் சொல் மறந்துபோயிருந்தாலும், எள் எதற்கு என்பது வயதானவர்கள் யாருக்கும் மறக்கவில்லை.

"எள்ளு எதுக்கு மாராஜ்?"

மேனேஜர் பின்னாலிருந்து, "சனிக்கெழம ஃப்ளைட்டு இருக்குதில்ல, அதுக்கா இருக்கும்" என்று தன்னை அறியாமலேயே எனக்கு ஒரு கயிறு வீசினார். பிடித்துக்கொண்டேன். "ஆமாம். சனிக்கிழமை பயணம்னா சனி பகவானுக்கு எள்ளு விசேஷம்."

டெய்லர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தர்ப்பையைத் தொட்டார். "அச்சா. அப்ப இந்தப் புல்லு?"

மேனேஜருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. முதல் நாள் போனில் பேசியது ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஓடுவது தெரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் பேச்சு வராமல், ஹிந்தியில் பாதி, தமிழில் பாதியாகச் சொல்லி முடித்தார். காரியம் என்று அவர் சொன்னது வெறும் விசேஷத்தை. டிக்கெட் என்று சொன்னது டிக்கெட்டை. தமிழ்நாட்டில் டிக்கெட் வாங்குவது என்றால் வேறு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நான் கைகூப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மாராஜ். இந்த ரோட்டுல எங்காளுங்க எத்தன பேரு இருந்தாங்க. எல்லாம் போயாச்சு. நெசமா செத்திருந்தாலும் தூக்க நாலு பேரு வர மாட்டாங்க. நீங்க அழுதுகிட்டு வந்தீங்களே, அது போதும்."

டீ வந்தது. அதற்குப் பிறகுதான் என்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அந்தம்மா சொன்னார்.

"மாராஜ், கல்யாணத்துக்குச் சடங்கு இருக்குது. சாவுக்கு இருக்குது. புது வீட்டுக்குள்ள போறதுக்கும் இருக்குது. லேகின், வீட்ட விட்டுப் போறதுக்கு இன்னா இருக்குது? அதுக்கு இன்னா பேரு? எங்க மாமியாரு வாழ்ந்த வீடு. சும்மா பூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரல."

பெயர் எனக்குத் தெரியவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு எதிர்ப்பதம் எங்கள் புஸ்தகத்தில் இல்லை. யோசிக்க நேரம் வேண்டி, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். காலை ஆறு மணிக்கு என்றார்கள். வாய் சும்மா இருந்திருக்கலாம். "அது குளிகையாச்சே" என்றேன்.

"குளிகைன்னா?"

"அந்த நேரத்துல எதைச் செஞ்சாலும் அது மறுபடி மறுபடி நடக்கும்னு சொல்லுவாங்க."

அந்தம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நாங்க திருப்பித் திருப்பி வீட்ட விட்டுப் போய்க்கினே இருக்கணுமா? அங்கேயும் ஒரு கூ வருமா?"

ஃப்ளைட்டை மாற்ற முடியாது. அழுவார் போல இருந்தது. அப்போதுதான் எனக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. கிளம்பும் நேரம் சரியில்லையென்றால், முன்னாலேயே ஒரு நல்ல வேளையில் பயணப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பிவிட்டால் நாம் கிளம்பிவிட்டோம் என்று கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். எங்கள் தாத்தா காலத்தில் சர்வசாதாரணம்.

"கவலைப்படாதீங்க. பரஸ்தானம் பண்ணிடலாம்" என்றேன்.

"பாகிஸ்தான் எதுக்கு மாராஜ்?" என்றார் மேனேஜர். "அண்ணன் ப்ரிஸ்பேன் போறாரு."

விளக்கிச் சொன்னதும் அந்தம்மாவுக்கு முகம் தெளிந்தது. மறுநாள் வியாழக்கிழமை காலை நல்ல வேளை. பக்கத்து வீடு எது என்று பார்த்தால், இந்தியர்கள் எல்லாரும் காலி செய்துவிட்டதால் மிச்சம் இருந்தது ஒரே வீடுதான். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஃபிஜியர் ஒருவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாமரம். பல வருஷப் பழக்கம். டெய்லர் வேலிப் பக்கம் நின்று ஹிந்தியில் அவரிடம் கூவிச் சொன்னார்: நாங்கள் போகிறோம், நாளைக்கு ஒரு பூஜை, பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை நாங்கள் போனபோது அந்த வீட்டுக்கூடத்தில் புதுப் பாய் விரித்திருந்தது. டிரைவரின் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுத்தமாக உடுத்திக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் பூஜைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை. டெய்லர் பெட்டியை நடுவில் வைத்தார். மிக நல்ல சாமான்கள்தான் பரஸ்தானமாகப் போக வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், அந்தம்மா தன் கல்யாணப் புடவை, இரண்டு பட்டுப் புடவைகள், டெய்லர் ப்ரிஸ்பேனுக்கென்று தனக்கே தைத்துக்கொண்ட கோட்டு, பேரப்பிள்ளைகளுக்கான சட்டைகள் எல்லாவற்றையும் அதில்தான் அடுக்கியிருந்தார்.

நான் கற்பூரம் காட்டுவதற்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டை என் முன்னால் வந்தது. உள்ளே கலங்கல் தண்ணீர். அங்கே அதற்குக் கிராக் என்று பெயர். ஒரு வேரை இடித்துக் கரைப்பது. மறுத்தால் அவமரியாதை என்று மேனேஜர் கண்ணால் சொன்னார். தீர்த்தம் என்று நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துவிட்டது. அன்று நான் சொன்ன கணபதி மந்திரத்தைக் கணபதி அடையாளம் கண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

பிறகு டிரைவர் பேசினார். தன் மொழியில், நிதானமாக, பெட்டியைத் தொட்டுக்கொண்டு நீண்ட நேரம் பேசினார். நடுவில் குரல் தழுதழுத்தது. முடித்ததும் எல்லாரும் கைகளைக் குவித்து ஆழமாகத் தட்டினார்கள். பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக உறுதி கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். மேனேஜர் தனக்குத் தெரிந்த ஃபிஜிய வார்த்தையான வினாக்காவை, நன்றி என்று, நாலைந்து தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மேனேஜர் ஓடி வந்தார். "மாராஜ், சீக்கிரம் வாங்கோ. அண்ணனோட கோட்டு நடந்து போவுது."

விஷயம் இதுதான். அந்தம்மா தன் மூக்குக்கண்ணாடியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். எடுத்துவரலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனவருக்கு முதலில் தெரிந்தது, டிரைவரின் மனைவி இடுப்பில் சுற்றியிருந்த அவருடைய பட்டுப்புடவை. அடுத்தாற்போல, டெய்லரின் கோட்டைப் போட்டுக்கொண்டு டிரைவரின் மைத்துனர் மாமரத்தடியில் நின்றிருந்தார். பேரன்களின் சட்டைகள் ஊருக்குள் போய்விட்டன. பெட்டி காலியாகக் கூடத்தின் மூலையில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வீட்டாரும் மரத்தடியில் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேனேஜர் ஹிந்தியில் விசாரித்து எனக்குத் தமிழில் சொன்னார்.

அவர்களிடம் அந்தச் சடங்கு இருக்கிறது. பெயரும் இருக்கிறது: தாதாவ். ஊரை விட்டுப் போகிறவர்கள், கூட இருந்தவர்களிடம் காணிக்கையோடு வந்து விடை கேட்பது. வந்த காணிக்கையை வாங்கிக்கொண்டவர் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட வேண்டும். டெய்லர் வேலிப் பக்கம் நின்று, போகிறோம், பெட்டியோடு வருகிறோம் என்று சொன்னதும் அவருக்கு வேறு எப்படிப் புரியும்? அவர் முறைப்படிதான் செய்திருக்கிறார். புதுப் பாய் வாங்கியிருக்கிறார். சொந்தக்காரர்களைப் பா என்கிற ஊரிலிருந்து பஸ்ஸில் வரவழைத்திருக்கிறார்.

எங்கள் பரஸ்தானத்தை நான் சொல்ல, மேனேஜர் பெயர்த்துச் சொன்னார். கேட்கக் கேட்க டிரைவருக்கு வெட்கத்தில் தலை தாழ்ந்துகொண்டே போனது. எல்லாவற்றையும் இப்போதே வாங்கித் தருகிறேன் என்று எழுந்தார். பிறகு நின்று, டெய்லரைப் பார்த்துச் சொன்னார். அதை மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"இன்னா சொல்றாருன்னா மாராஜ்... இந்த ரோட்டுல இருந்தவங்க எல்லாம் போனாங்க. ஒருத்தரும் சொல்லல. காத்தால பாத்தா வீடு பூட்டியிருக்கும். நான் இன்னா தப்பு பண்ணேன், என்னப் பாத்தும் பயமான்னு இருந்துச்சு. டெய்லர் பய்யா ஒருத்தருதான் பொட்டியோட வந்து சொன்னாரு. அதான் வந்தவங்க எல்லாருக்கும் சந்தோசமா குடுத்துட்டேன், அப்படிங்கறாரு."

டெய்லரின் கண் மைத்துனரின் முதுகில் இருந்தது. டெய்லர் ஒல்லி, மைத்துனர் அப்படியல்ல. கோட்டின் பின்தையல் பிரிய ஆரம்பித்திருந்தது. டெய்லர் மெதுவாகப் போய் அந்த மனிதரை அப்படியே திருப்பி நிறுத்தினார். தோளை இழுத்துப் பார்த்தார். கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார்.

"இதப் போட்டுக்கினு சர்ச்சுக்குப் போனா என் பேரு கெட்டுப்பூடும்" என்று ஹிந்தியில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னார். "உள்ள துணி விட்டு வச்சிருக்கேன். பிரிச்சுத் தச்சாப் போதும்."

மிஷினை அதற்கு முந்தின வாரமே யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மரத்தடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து கையாலேயே தைத்தார். மைத்துனர் பனியனோடு எதிரில் உட்கார்ந்து, கிறிஸ்துமஸுக்குப் புதுத் துணி வாங்கப்போகிற குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கல்யாணப் புடவையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். பட்டுப்புடவையை இடுப்பில் சுற்றியிருந்த டிரைவர் மனைவியை உள்ளே அழைத்துப்போய் ஒழுங்காகக் கட்டிவிட்டார். வெளியே வந்தபோது, டிரைவர் மனைவி நடக்கத் தெரியாமல் அந்தம்மாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தார். கூ வந்த பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று மேனேஜர் சொன்னார். மூக்குக்கண்ணாடி மட்டும் ஒரு பாட்டியம்மாவின் மூக்கிலிருந்து மிகுந்த சிரமத்துக்குப் பிறகே திரும்பியது. அவருக்கு அது சரியாகப் பொருந்திவிட்டதாம்.

டிரைவர் சும்மா விடவில்லை. காலிப் பெட்டி அவர் வீட்டிலிருந்து போகக் கூடாது. மெல்லிய பாய் ஒன்று, மரப்பட்டைத் துணி, பேரன்களுக்கு மைத்துனர் செதுக்கிய மரப் படகு என்று வைத்து, மேலே உட்கார்ந்து அழுத்தி மூடினார்கள். வந்ததை விடப் பெட்டி கனமாகத்தான் கிளம்பியது. சனிக்கிழமை விடியலில் நான் போகவில்லை. கோயிலைத் திறக்க வேண்டும். ஆறு மணிக்கு, சரியாகக் குளிகையில், டிரைவரே மேனேஜரின் வேனை ஓட்டிக்கொண்டு அவர்களை விமான நிலையத்தில் விட்டுவந்தார். வீட்டைப் பூட்டும்போது அந்தம்மா வாசலில் ஒரு கோலம் போட்டாராம்.

ப்ரிஸ்பேனிலிருந்து டெய்லர் போன் செய்தார். விமான நிலையத்தில் அந்தப் பாயை விரித்துச் சுருட்டி, விரித்துச் சுருட்டிப் பரிசோதித்துவிட்டு விட்டுவிட்டார்களாம். கூடத்தில் போட்டிருக்கிறது, மருமகள் அதன் மேல் நடக்க விடுவதில்லை என்றார்.

விஷயம் ஊரில் பரவிவிட்டது. கிளம்புகிற குடும்பங்கள் எல்லாம் பெட்டி எடுத்துவைக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தன. நான் பரஸ்தானம் என்று எவ்வளவு சொல்லியும் அது யார் வாயிலும் நுழையவில்லை. அதற்கு மரியாதையான பெயர் வேண்டும் என்று மேனேஜர் கோயில் பலகையில் "யாத்திரா சாந்தி செய்து கொடுக்கப்படும்" என்று எழுதிவைத்தார். ஒரு மாதம் ஒருவரும் வரவில்லை. யாத்திரா என்பது ஏதோ வியாதி, அது தணியச் செய்கிற சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள் போல. பிறகு அதை அழித்துவிட்டு "பெட்டி பூஜா" என்று எழுதினார். அடுத்த வாரமே மூன்று குடும்பம். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் சேர்த்தார்: "பெட்டி திரும்ப வேண்டுமென்றால் பக்கத்து வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிடவும்."

எல்லாரும் டெய்லர் மாதிரி இல்லை. ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர், விசாவுக்கு எழுதிப்போட்டது அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று என்னைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போனார். பெட்டி பூஜை வேண்டும், ஆனால் வீட்டை விட்டுப் பெட்டி வெளியே போகக் கூடாது. யோசித்தேன். முன்னறையிலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்தோம். மணியை அடிக்காமல், கற்பூரத்தை ஜன்னல் பக்கம் காட்டாமல், மந்திரத்தைக் காதோடு சொன்னேன்.

அவருக்கு விசா இழுத்துக்கொண்டே போனது. வைத்த பெட்டியைக் கிளம்புகிற வரை நகர்த்தக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். என் ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் அதே இடத்தில் இருந்தது. மேலே ஒரு துணி விரித்து மாவு டப்பாவை வைத்திருந்தார்கள். அந்த வீட்டம்மா அதன் மேல் ரொட்டி தேய்த்துக்கொண்டே, "நல்ல ஒசரம் மாராஜ். இடுப்பு வலிக்கவே இல்ல" என்றார்.